மச்சானுக்கு மச்சான் யார்?

எங்கள் விடுதியில் எல்லாரும் எல்லாருக்கும் மச்சான். மெஸ்ஸில் சாம்பார் வாளியை நகர்த்தச் சொல்வதற்கும் மச்சான், செமினாருக்கு முந்தின நாள் நோட்டு கடன் கேட்பதற்கும் மச்சான். கணிதம் படிக்கிறவன் என்ற முறையில் இதில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் உறவுமுறையை ஒழுங்காகப் பின்பற்றினால், மூன்று பேர் ஒருவருக்கொருவர் மச்சானாக இருக்கவே முடியாது. இரண்டு பேர் இருக்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் கணக்கு இடிக்கும்.

எப்படி என்று பார்ப்போம். மச்சான் என்றால் யார்? என் அக்காவையோ தங்கையையோ கட்டியவன், அல்லது என் மனைவியின் உடன்பிறந்தவன், அல்லது நாளைக்கு அப்படி ஆகக்கூடிய மாமன் மகன், அத்தை மகன். க, ச, த என்று மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 'க'வுக்கு 'ச' மச்சான். 'ச'வுக்கு 'த' மச்சான். அப்படியானால் 'க'வுக்கு 'த' யார்? ஊரில் பெரியவர்களிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: "மச்சானுக்கு மச்சான் அண்ணன் தம்பி முறைல்லா!" அவர்கள் யாரும் இயற்கணிதம் படித்ததில்லை. ஆனால் அவர்கள் சொன்னது, கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்ற பள்ளிப் பாடம்தான்.

விளையாட்டாகத் தொடங்கியதை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். மூன்று விதிகள் போதும் என்று தெரிந்தது.

முதல் விதி: உடன்பிறந்தவர்களுக்கு இடையே +1.

இரண்டாம் விதி: கணவன் மனைவிக்கு இடையே −1.

மூன்றாம் விதி: ஒரே தலைமுறையில் இருக்கும் இரண்டு ஆண்களுக்கு (அல்லது இரண்டு பெண்களுக்கு) இடையே என்ன குறியோ, அவர்கள் பிள்ளைகளுக்கு இடையிலும் அதே குறி.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழியில் வரும் குறிகளையெல்லாம் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் +1 வந்தால் பங்காளி முறை: அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. −1 வந்தால் கட்டிக்கொள்ளும் முறை: மச்சான், மதினி, கொழுந்தியா.

சோதித்துப் பார்க்கலாம். மனைவியின் தங்கையைக் கட்டியவன் எனக்கு யார்? மனைவிக்குப் போக −1, அவள் தங்கைக்கு +1, அங்கிருந்து அவள் கணவனுக்கு −1. பெருக்கினால் +1. தம்பி முறை. சகலையை நாம் அப்படித்தான் நடத்துகிறோம், அவர் பிள்ளைகள் நம்மைப் பெரியப்பா என்கிறார்கள். ஓரகத்திகளுக்கும் இதே கணக்கு: கணவனுக்கு −1, கணவனின் அண்ணனுக்கு +1, அவர் மனைவிக்கு −1. அதனால்தான் எங்கிருந்தோ வந்த இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் சேர்ந்த உடனே அக்கா, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள் (அதற்குப் பிறகு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது கணிதத்துக்கு வெளியே).

மூன்றாம் விதியில் ஒரு சந்தேகம் வர வேண்டும். அப்பாக்களை ஒப்பிட்டால் ஒரு விடையும் அம்மாக்களை ஒப்பிட்டால் வேறு விடையும் வந்துவிட்டால்? வராது. ஒரு அம்மாவிடமிருந்து அவள் கணவனுக்கு −1, அந்த அப்பாவிடமிருந்து இன்னொரு அப்பாவுக்கு ஏதோ ஒரு குறி, அவரிடமிருந்து அவர் மனைவிக்கு −1. இரண்டு கழித்தலும் ஒன்றையொன்று அடித்துவிடும், நடுவில் இருந்த குறி அப்படியே நிற்கும். இரண்டு வரி நிரூபணம். இதை எழுதி முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தை மகள், மாமன் மகள் என்று இரண்டு தனித்தனி உறவுகளாக நினைத்திருந்தது, ஒரே பெருக்கல் வாய்ப்பாட்டின் இரண்டு வரிகளாகத் தெரிந்தது.

தாத்தாவின் தங்கை பேரன் போன்ற தூரத்துச் சொந்தத்துக்கும் இது வேலை செய்யும். தாத்தாவுக்கும் அவர் தங்கை கணவருக்கும் −1. ஆகவே என் அப்பாவுக்கும் அவர்கள் மகனுக்கும் −1, அதாவது மச்சான். ஆகவே எனக்கும் அவர் மகனுக்கும் −1. அப்பாவின் மச்சான் எனக்கு மாமா, அவர் மகன் எனக்கு மச்சான். கல்யாணச் சொந்தம் என்பது ஒரு தலைமுறையோடு முடிவதில்லை, சொத்து மாதிரி அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது. 1949-50இல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், 1953இல் எழுதிய கட்டுரையில் அழுத்திச் சொன்னது இதைத்தான். மாமாவை 'அம்மாவின் தம்பி' என்று மட்டும் பார்க்காதீர்கள், 'அப்பாவின் மச்சான்' என்று பாருங்கள், தென்னிந்திய உறவுமுறை முழுதும் விளங்கிவிடும் என்பது அவர் வாதம்.

இன்னொரு அழகு. இரண்டு தலைமுறை தள்ளிப் போனால் குறி மறைந்துவிடுகிறது. அப்பாவைப் பெற்றவரும் தாத்தா, அம்மாவைப் பெற்றவரும் தாத்தா. மகன் பிள்ளையும் பேரன், மகள் பிள்ளையும் பேரன். அப்பாயி, அம்மாயி என்று வழி காட்டும் பெயர்கள் சில ஊர்களில் உண்டு. ஆனால் அண்ணன் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம் என்று பிரிக்கிற அந்தக் கோடு தாத்தா பாட்டி வரிசையில் கிடையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதெல்லாம் ரத்த சம்பந்தமான கணக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயிரியல்படி பெரியப்பா மகளும் மாமா மகளும் எனக்கு ஒரே தூரம். இருவரோடும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுதான் பொது. ஒருத்தியைத் தங்கை என்கிறோம், நினைத்துப் பார்ப்பதே பாவம் என்கிறோம். இன்னொருத்தியை முறைப்பெண் என்கிறோம், பிறந்த அன்றே கேலி பேச ஆரம்பித்துவிடுகிறோம். மரபணுவில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்தில் இவ்வளவு பெரிய கோட்டைப் போட்டது ரத்தமாக இருக்க முடியாது. வழியில் எத்தனை கல்யாணங்களைக் கடக்கிறோம், அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான் கோடு.

நம்முடைய இந்த ஏற்பாடு உலகப் புகழ் பெற்றது என்பது பலருக்குத் தெரியாது. லூயிஸ் ஹென்றி மார்கன் என்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். செனகா இரொக்வாய் மக்களின் உறவுப் பெயர்களை ஆராய்ந்தவர். அப்பாவின் அண்ணனும் அவர்களுக்கு அப்பா, அம்மாவின் அண்ணன் மட்டும் வேறு. ஆச்சரியப்பட்டு, உலகம் முழுக்க மிஷனரிகளுக்கும் தூதரகங்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். ஆற்காட்டுப் பகுதியில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தாரிடமிருந்து தமிழ்ப் பட்டியல் வந்தது. பார்த்தால், கட்டத்துக்குக் கட்டம் செனகா மாதிரியே இருக்கிறது! அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதையே சான்றாக வைத்து 1871இல் ஒரு பெரும் புத்தகம் போட்டார்.

கிட்டத்தட்ட நூறு வருடம் இரண்டும் ஒன்றே என்று நம்பப்பட்டது. 1964இல் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி என்ற மொழியியலாளர் தூரத்துச் சொந்தங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒன்றில்லை என்று காட்டினார். அம்மாவுக்கு அவள் தாய்மாமன் மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் அவள் அம்மாவுக்கு மதினி முறை, எனவே எனக்கு அத்தை, அவள் மகள் எனக்கு முறைப்பெண். இரொக்வாய் முறையில் அம்மா தலைமுறையில் அம்மா வழியில் வரும் பெண் என்பதால் அவளும் அம்மா, அவள் மகள் தங்கை. பக்கத்துச் சொந்தத்தில் இரண்டு வாய்ப்பாடும் ஒரே விடை தரும், தூரம் போகப் போகப் பிரியும். நம்முடையதில் கல்யாணம் எண்ணப்படுகிறது, அவர்களுடையதில் அது எண்ணப்படுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் மேற்கில் கரியேரா என்ற மக்கள். ராட்கிளிஃப் பிரவுன் 1913இல் அவர்களைப் பற்றி எழுதினார். அங்கே ஒவ்வொருவரும் நான்கு பிரிவுகளில் ஒன்றில் பிறக்கிறார்கள்: பனாகா, புருங், கரிமேரா, பால்யேரி. பனாகா ஆண் புருங் பெண்ணைத்தான் கட்ட வேண்டும், பிள்ளைகள் பால்யேரி. பால்யேரி ஆண் கரிமேரா பெண்ணைக் கட்டுவான், அவன் பிள்ளைகள் மறுபடி பனாகா. அதாவது அப்பாவின் அப்பாவும் நானும் ஒரே பிரிவு. அம்மா வழியில் போனாலும் இரண்டே அடியில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடலாம். அப்பா வழி ஒரு அடி, அம்மா வழி ஒரு அடி சேர்ந்தால் கல்யாணம் செய்துகொள்ளும் பிரிவு. நான்கு உறுப்புகள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்தால் பழைய நிலை. குலக் கோட்பாட்டில் முதல் மாதத்திலேயே படிக்கிற கிளைன் நால்வர் குலம் இதுதான். குலம் என்ற கணிதச் சொல்லைத் தமிழில் வைத்தவர் இதை எண்ணித்தான் வைத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் :-)

இந்தத் தொடர்பை முறையாக எழுதியவர் ஆந்த்ரே வெய்ல், இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணிதர்களில் ஒருவர். போர்க்காலத்தில் நியூயார்க்கில் இருந்த லெவி ஸ்ட்ராஸ், ஆஸ்திரேலியத் திருமண விதிகளில் சிக்கிக்கொண்டு முதலில் மூத்த கணிதர் அடமாரிடம் போனார். கணிதத்துக்குத் தெரிந்தது நான்கு செயல்கள்தான், திருமணம் அதில் ஒன்றல்ல என்று அவர் சொல்லிவிட்டாராம். பிறகு வெய்ல், திருமணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, ஒரு வகைத் திருமணத்துக்கும் இன்னொரு வகைக்கும் என்ன தொடர்பு என்று மட்டும் சொல்லுங்கள் என்றாராம். லெவி ஸ்ட்ராஸே பிற்காலத்தில் சொன்ன கதை இது. 1949இல் வந்த அவருடைய உறவுமுறை நூலில் வெய்லின் இணைப்புக் கட்டுரை இருக்கிறது. நவீன இயற்கணிதம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், வெய்லின் அந்த ஒரு பதிலைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னும் சிக்கலானது மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி. எட்டுப் பிரிவுகள். அம்மா வழியில் நான்கு அடி போனால்தான் திரும்பத் தொடங்கிய இடம், அப்பா வழியில் இரண்டே அடி. அப்பாவின் அம்மா ஒரு பிரிவு, அம்மாவின் அப்பாவோடு பிறந்தவர்கள் வேறு பிரிவு. வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது, அதாவது பரிமாற்று விதி பொய்க்கிறது. சதுரத்தைச் சுற்றியும் புரட்டியும் கிடைக்கிற எட்டு உறுப்புக் குலம் அது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. வெளியிலிருந்து ஒரு ஆசிரியரோ ஆய்வாளரோ வந்து அவர்களோடு தங்கினால், அவருக்கும் அந்த எட்டில் ஒரு பெயரைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த நிமிடமே, ஊரில் யார் அவருக்கு அம்மா, யார் மாமா, யாரிடம் கேலி பேசலாம், யாரிடம் பேசக் கூடாது என்று எல்லாம் தீர்மானமாகிவிடும். பெயர் இல்லாத ஆளோடு எப்படிப் பழகுவது என்றே தெரியாதாம், அதனால் முதல் வேலையாகப் பெயர்.

பர்மாவின் வடக்கே கச்சின் மக்களிடம் போனால் நம் விடுதிச் சிக்கலே கிடையாது. அங்கே பெண் கொடுக்கும் குடும்பம் மாயு, பெண் எடுக்கும் குடும்பம் டாமா. கொடுத்த வீட்டிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. 'க' வீடு 'ச'வுக்குக் கொடுக்க, 'ச' வீடு 'த'வுக்குக் கொடுக்க, 'த' வீடு 'க'வுக்குக் கொடுக்கலாம். மூன்று பேரும் சுற்றி உட்காரலாம், இரண்டு பேர் மட்டும் முடியாது. நமக்கு நேர் எதிர். நாம் கொடுத்த வீட்டையும் எடுத்த வீட்டையும் ஒரே மச்சான் என்ற சொல்லில் போட்டுவிட்டோம், அதனால் நமக்கு இரட்டைப்படை வட்டம்தான் ஒத்துவரும்.

மறுபடி நம் ஊருக்கு. ஃபிராங்க் ஹராரி 1953இல் நிரூபித்த ஒரு தேற்றம் உண்டு. நண்பர், பகைவர் என்று கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு வலைப்பின்னலில், ஒவ்வொரு வட்டத்திலும் கழித்தல் இரட்டைப்படையாக இருந்தால், மொத்தக் கூட்டத்தையும் இரண்டு அணியாகப் பிரித்துவிடலாம். நம் உறவுமுறை பிசகாமல் நடந்தால் ஒவ்வொரு ஊரும் பங்காளி அணி, சம்பந்தி அணி என்று இரண்டாகப் பிரிந்து நிற்க வேண்டும். நிற்கிறதா? இல்லை. அக்கா மகளைக் கட்டும் வழக்கம் தலைமுறைக் கணக்கையே கலைத்துவிடுகிறது. நேற்று வரை பாட்டியாக இருந்தவர் இன்று மாமியார், மாமாவாக இருந்தவர் ஒரே தாலியில் கொழுந்தன். ஒருவரே அப்பா வழியில் தம்பியும் அம்மா வழியில் மச்சானுமாக வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. 'இரட்டை முறை' என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

அப்போது என்ன செய்கிறார்கள்? உறவை முறித்துக்கொள்வதில்லை. "கிட்டின முறையப் பாரு" என்பார் ஒருவர். "இனிமே மாமான்னே கூப்பிடு, பழச விடு" என்பார் இன்னொருவர். கல்யாணம் நல்ல இடமாக இருந்தால் முறை கண்டுபிடிக்கப்படும், பிடிக்காத இடமாக இருந்தால் முறை இடிக்கும். கணக்கில் மனிதர்களுக்கு இவ்வளவு தாராளம் உண்டு.

இந்தத் தாராளம் ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் பெரியப்பா மகன் 2019இல் கூடப் படித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வேறு சாதி. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, நண்பர்கள் நான்கு பேரோடு ஓட்டலில் சாப்பிட்டு முடிந்த கல்யாணம். 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகில் பட்டப்பகலில் நடந்த கொலையை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். அதனால் எங்கள் வீட்டில் யாரும் கை ஓங்காததையே பெரிய விஷயமாகப் பேசிக்கொண்டார்கள். ஆனால் நான்கு வருடம் அவரை யாரும் எந்த உறவுப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. 'அந்தப் பொண்ணு' என்றார்கள். போனில் அண்ணனிடம் "வீட்ல இருக்கா?" என்று எழுவாய் இல்லாமல் கேட்டார்கள். மதினி என்றோ மருமகள் என்றோ சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று அவர்களுக்கும் தெரியும். ஒரு சொல்லை ஒத்துக்கொண்டால் மொத்த வாய்ப்பாட்டையும் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

என் நோட்டை எடுத்து இதையும் போட்டுப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து அவருக்கு −1. எனக்கு அவர் மதினி. மதினியின் அண்ணன் எனக்கு அத்தான். அவர் அப்பா எனக்கு மாமா. அவர் வீட்டில் நாளைக்குப் பிறக்கப்போகிற குழந்தை வரைக்கும் எனக்கு என்ன முறை என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட முடிந்தது. எந்த இடத்திலும் கணக்கு முட்டவில்லை. கணக்கு கேட்கிற கேள்விகள் இரண்டே இரண்டு: எந்தத் தலைமுறை, என்ன குறி. மூன்றாவதாகச் சாதி என்ன என்று அது கேட்பதே இல்லை. சாதிக்குச் சாதி சொற்கள் மாறுவது உண்மைதான். ஒரு வீட்டில் அத்தான், ஒரு வீட்டில் அத்திம்பேர். எங்கள் பக்கம் மதினி, யாழ்ப்பாணத்தில் மச்சாள். ஆனால் அந்தச் சொற்கள் போய் உட்காரும் கட்டங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். சாதி என்பது இந்தப் பலகைக்கு வெளியிலிருந்து போட்ட வேலி. உள்ளே எந்தக் காயும் அதைப் பார்த்து நகர்வதில்லை.

2023இல் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று ஆச்சி பிடிவாதம் பிடித்ததால் பெரியப்பா இறங்கி வந்தார். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் யார்? மதினியின் அண்ணன். அங்கேதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். "நம்ம பெரியத்தை மகன் இருக்கான்லா, அவனும் பிள்ளைக்கு மாமா முறதான. அவன் மடியில வச்சுக்கிடலாம்." கணிதப்படி நூற்றுக்கு நூறு சரி! அண்ணனுக்கு மச்சான் எவனோ அவன் பிள்ளைக்கு மாமா. இரண்டு பேரும் ஒரே கட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு நல்ல வாய்ப்பாட்டை வைத்து ஒரு மனிதனை வெளியே நிறுத்த முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் வந்தார். தாம்பாளத்தில் பட்டுப்பாவாடை, கம்மல், வெல்லம், வாழைப்பழம் என்று முறைப்படி சீரோடு வந்தார். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. 'வாங்க அத்தான்' என்று நான் போய்த் தாம்பாளத்தை வாங்கினேன். கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் அவர் அப்படியே நின்றார். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். பெரியத்தை மகன் வேட்டியை மடித்துக்கொண்டு உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் இருந்தார். அப்போது ஆச்சி, தொண்ணூறை நெருங்குகிறவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏ பேரப்புள்ள, அங்க என்னய்யா நிக்க? வந்து உக்காரு. பிள்ள அழப்போவுது, மடியக் குடு."

பேரப்புள்ள. அவர் வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் ஒரு பக்கம் எடுத்ததாக ஆகியிருக்கும். மச்சான், அத்தான், மாப்பிள்ளை எல்லாவற்றிலும் கழித்தல் குறி இருக்கிறது. கல்யாணத்தை ஒத்துக்கொள்ளாமல் அந்தச் சொற்களைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தலைமுறை மேலே இருப்பவருக்கு அந்தக் கோடே கிடையாது. மகன் வழிப் பேரனும், அந்தப் பேரனுக்குப் பெண் கொடுத்த வீட்டுப் பையனும் அவருக்கு ஒரே பேரன்தான். ஆச்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்து சொன்னாரா என்று கேட்காதீர்கள். நாம் யாருமே கணக்குத் தெரிந்து பேசுவதில்லை, பேச்சுக்குள் கணக்கு இருக்கிறது. பெரியத்தை மகன் நிம்மதியாக எழுந்துகொண்டார். குழந்தை தாய்மாமன் மடியில் இருந்து ஊரைக் கூட்டி அழுதது.

கணிதம் சாதியை ஒழித்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு ஏற்பாட்டின் வடிவத்தை அது காட்டும், எது அந்த வடிவத்துக்குள் இருக்கிறது, எது வெளியிலிருந்து ஒட்டவைத்தது என்று பிரித்துக்காட்டும். அவ்வளவுதான். "இப்படிக் கட்டினா முறையே கெட்டுப்போகும்" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், எந்த முறை, எந்தக் கட்டத்தில், எப்படிக் கெடும் என்று தாளை நீட்டிக் கேட்கலாம். கெடாது. அக்கா மகளைக் கட்டும்போது கெட்டதில் பாதி கூடக் கெடாது.

பெரியப்பா இன்னும் மருமகளே என்று கூப்பிடவில்லை. அண்ணன் மகளுக்கு இப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. என்னைச் சித்தப்பா என்கிறாள். பெரியப்பாவைத் தாத்தா என்கிறாள், மதினியின் அப்பாவையும் தாத்தா என்கிறாள். எந்தத் தாத்தா என்று கேட்டால், ஒருவரைக் கண்ணாடி போட்ட தாத்தா என்றும் இன்னொருவரை வண்டி வைத்திருக்கிற தாத்தா என்றும் சொல்கிறாள். இரண்டு தாத்தாக்களும் இன்னும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை.